வங்கி கேட்கும் வருமானக் கணக்கு

“உங்கள் ஆண்டு வருமானத்தை உறுதிசெய்யுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையோ வருமான வரித் தாக்கல் நகலையோ பதிவேற்றுங்கள்.” கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு வங்கியிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் வருவது எரிச்சல்தான். கார்டு கொடுக்கும்போது தேடித் தேடி வந்தவர்கள் இப்போது சந்தேகப்படுகிறார்களே என்று தோன்றும். மாதம் தவறாமல் பில் கட்டுகிறவருக்கு அது அவமானமாகவும் படும்.

அந்த எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வங்கி இதைக் கேட்பது சரி என்பதே நம் கருத்து. எப்போது கேட்கிறார்கள், எந்த வழியில் கேட்கிறார்கள், கேட்டு வாங்கியதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பவைதான் விவாதிக்க வேண்டியவை. வங்கி, கார்டு விற்கும் முகவர், கார்டுதாரர், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி, ரிசர்வ் வங்கி என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவர் தன் பங்கைத் தட்டிக்கழித்தால் அந்தச் சுமை இன்னொருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அது மாதச் சம்பளக்காரரின் தலையாகவே இருக்கிறது.

நகைக்கடன் என்றால் நகை வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. வீட்டுக்கடன் என்றால் பத்திரம் இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு அடமானம் எதுவும் கிடையாது. கார்டுதாரர் சொன்ன வருமானம், அவருடைய பழைய கடன் வரலாறு, இந்த இரண்டை நம்பித்தான் லட்சக்கணக்கில் லிமிட் கொடுக்கிறார்கள். இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024-இன் தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2023 நவம்பர் 16 அன்று, ரிசர்வ் வங்கி ஒரு முடிவெடுத்தது. வணிக வங்கிகளின் கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கான இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150 ஆகவும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு 100-லிருந்து 125 ஆகவும் உயர்த்தியது. இந்தக் கடனைக் கொடுக்க நினைத்தால் அதற்கு ஈடாகச் சொந்த மூலதனத்தைக் கூடுதலாக ஒதுக்கி வை என்பதே அதன் பொருள். அடமானமில்லாத கடன் வேகமாகப் பெருகுவதைக் கண்டு ஒழுங்காற்று அமைப்பே கவலைப்பட்டது. அப்படியிருக்க, வங்கிகள் கார்டுதாரரின் வருமானத்தை மறுபடி சரிபார்ப்பதில் வியப்பு ஏதும் இல்லை.

ஆனால், சரிபார்க்க வேண்டிய அளவுக்கு அந்த எண் எப்படித் தவறாகிறது? வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை. அடையாள அட்டை தொங்கும் கழுத்தும் கையில் ஒரு டேப்லெட்டுமாக ஓர் இளைஞர். பெயர், பான் எண், முகவரி எல்லாம் மளமளவென்று நிரம்பும். ‘ஆண்டு வருமானம்’ என்ற கட்டத்தில் அவர் விரல் நிற்கும். “சார், சம்பளம் மட்டுந்தானா, வேற ஏதாவது வருமா? ஓவர்டைம், இன்சென்டிவ் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம்னு போட்டுக்கட்டுமா? அப்பத்தான் லிமிட் நல்லா வரும்.” விண்ணப்பிப்பவர் ஒரு நொடி தயங்கிவிட்டுத் தலையாட்டுவார். நாலு லட்சம் ஆறு லட்சமாகிவிடும். பொய் சொன்னோம் என்று இருவருக்குமே தோன்றாது. ஒருவருக்குக் கார்டு கிடைத்தது, இன்னொருவருக்கு அந்த மாத டார்கெட்டில் ஒன்று கூடியது.

அந்த இளைஞரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருக்கு டார்கெட் வைத்தவர் யார், எத்தனை கார்டு என்று மட்டும் எண்ணி, எப்படிப்பட்ட கார்டு என்று பார்க்காமல் ஊக்கத்தொகை கொடுத்தவர் யார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கிரெடிட் கார்டு நெறிமுறைகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தன. கார்டு கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு வங்கியுடையது, முகவரின் வேலை ஆள் பிடிப்பதும் சேவை செய்வதும் மட்டுமே என்றன அவை. விண்ணப்பிப்பவரின் சொந்தப் பொருளாதார வசதியை வங்கி தானாக ஆராய வேண்டும். பிற நிறுவனங்களில் அவருக்கு ஏற்கெனவே உள்ள லிமிட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றன. ஆகவே மேசையில் நிரப்பப்பட்ட கட்டத்தை அப்படியே நம்பி லிமிட் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து “உங்கள் வருமானத்தை நிரூபியுங்கள்” என்று கேட்கிற வங்கி, முதல் நாள் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் இப்போது செய்கிறது. தாமதம் வங்கியுடையது. கடிதத்தின் தொனியில் அதை ஒப்புக்கொள்ளும் பணிவு தெரிய வேண்டும்.

கூட்டிச் சொல்லப்பட்ட வருமானம் கார்டுதாரரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். ஆண்டுக்கு நாலு லட்சம் என்றால் மாதம் சுமார் 33 ஆயிரம். ஆறு லட்சம் என்று போட்டதால் ஒன்றரை லட்சம் லிமிட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் வளைகாப்பு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு செல்போன் என்று நிலுவை 60 ஆயிரமாகிறது. முழுத் தொகையைக் கட்ட முடியவில்லை. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378 ரூபாய். மொத்தம் 2,478. ‘மினிமம் டியூ’ என்று ஐந்து சதவீதத்தை, அதாவது 3,000 ரூபாயைக் கட்டுகிறார். அசலில் குறைவது 522 ரூபாய். பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. அடுத்த மாதம் மளிகைக்கும் அதே கார்டைத் தேய்த்தால் அந்த 522-உம் காணாமல் போகும்.

மாதம் மூன்றரை சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. வட்டியை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கியின் களம் என்பது அதன் நிலைப்பாடு. தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். நடுத்தரக் குடும்பத்துக்கு அதனால் விளைவது ஒன்றுதான்: 30 சதவீதம் என்ற அந்தத் தடுப்பு இனி இல்லை. எஞ்சியிருக்கும் பாதுகாப்பு, வருமானத்துக்குப் பொருந்திய லிமிட். அந்த லிமிட் நிற்பது நாம் சொல்லும் எண்ணின் மேல். ‘வருமானம் எவ்வளவு’ என்ற கேள்வி வங்கியின் பணத்தைக் காப்பதற்கு மட்டும் வந்ததல்ல, நம் குடும்பத்தைக் காப்பதற்கும்தான் என்று நாம் அழுத்திச் சொல்வதன் காரணம் இதுவே.

இதே பாடத்தை அமெரிக்கா மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. சொன்ன வருமானத்தை எந்த ஆவணமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டு அங்கே வீட்டுக்கடன் வழங்கினார்கள். அவற்றுக்கு ‘பொய்யர் கடன்’ என்ற பெயரே இருந்தது. 2008 நிதி நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணம். 2009 மே மாதம் வந்த கிரெடிட் கார்டு சீர்திருத்தச் சட்டம், திருப்பிக் கட்டும் திறனைப் பார்க்காமல் கார்டு கொடுக்கவோ லிமிட்டை உயர்த்தவோ கூடாது என்றது. அங்குள்ள கார்டு நிறுவனங்கள் வருமானத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பதும், சிலரிடம் வரித்துறைப் பதிவைப் பார்க்க ஒப்புதல் கேட்பதும் இந்தப் பின்னணியில்தான். வங்கியிடம் தெரிந்தே பொய் சொல்வது அங்கே 30 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம்.

நமக்கு அதைவிட முக்கியமான பாடம் அடுத்து நடந்தது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த 2011-இல் வந்த விதி, விண்ணப்பிப்பவரின் ‘சொந்த’ வருமானத்தை மட்டுமே பார்க்கச் சொன்னது. அதனால் சம்பளத்துக்குப் போகாமல் வீட்டைக் கவனிக்கும் பெண்களுக்குக் கார்டு மறுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. 2013-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு விதியைத் திருத்தியது. 21 வயது நிறைந்தவர்கள், தங்கள் கைக்கு நியாயமாக எட்டக்கூடிய கணவர் அல்லது மனைவியின் வருமானத்தையும் காட்டலாம் என்றானது. நல்ல நோக்கத்தோடு எழுதிய விதியும் ஒரு சாராரை வெளியே தள்ளிவிடலாம். பேசினால் அதைத் திருத்தவும் முடியும்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். இங்கே வருமானத்தைப் பற்றி உண்மை சொல்வதே பழக்கத்தில் இல்லை என்பதை மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் மூன்று வருமானக் கணக்கு இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்று. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கல்வி உதவித்தொகைக்கு அதற்கென்று ஒரு வரம்பு. அதற்குத் தக்கபடி அந்த எண் சுருங்கும். வருமான வரிக்கு இன்னொன்று. வங்கியில் கடன் கேட்கும்போது மூன்றாவது; அது மட்டும் விரியும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் சொல்வதையும் சேர்த்தால் நான்கு. இதை யாரோ சிலரின் மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. வங்கியில் விரிந்த எண்ணுக்குக் குடும்பம் வட்டி கட்டுகிறது. தாசில்தார் அலுவலகத்தில் சுருங்கிய எண்ணால், உண்மையிலேயே தகுதியுள்ள ஒரு பிள்ளையின் இடம் பறிபோகிறது. இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள். ஓர் எண்ணில் நிற்கும் துணிவு வந்தாக வேண்டும்.

ஆனால் அந்தத் துணிவை எல்லோரிடமும் ஒரே மாதிரி எதிர்பார்க்க முடியாது. அரசு ஊழியருக்கும் ஐடி நிறுவன ஊழியருக்கும் சம்பளச் சீட்டு இருக்கிறது, ஃபார்ம் 16 இருக்கிறது. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? சனிக்கிழமை மாலை கையில் கிடைக்கும் பணமும் அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்கும்தான். ஆர்டர் வந்த மாதம் பதினெட்டாயிரம், வராத மாதம் ஆறாயிரம். உணவு டெலிவரி செய்பவர், கோயம்பேட்டில் காய்கறி வாங்கிச் சில்லறைக்கு விற்பவர், வீட்டில் டியூஷன் எடுப்பவர் என்று இந்த வரிசை நீளும். இவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய உண்மையைக் காட்டத் தாள் இல்லை, அவ்வளவுதான். மாதச் சம்பளத்தை மட்டுமே வருமானம் என்று எண்ணும் படிவம் இவர்களைப் பொய் சொல்லத் தூண்டும், அல்லது மீட்டர் வட்டிக்காரரிடம் துரத்தும்.

இங்கே முதலாளிகளின் பொறுப்பு பேசப்படுவதே இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு முதலாளியும் தொழிலாளிக்கு ஊதியச் சீட்டு தர வேண்டும் என்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்காரருக்கு இது பெரிய செலவில்லை. வாரக் கூலியை வங்கிக் கணக்கில் போட்டு, செல்போனில் ஒரு சீட்டு அனுப்பினால் போதும். அந்தத் தொழிலாளி ஓராண்டில் தன் வருமானத்தைத் தானே நிரூபிக்கும் நிலைக்கு வந்துவிடுவார். தொழில் சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. வங்கிகளும் ஆறு மாதத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாத வரவுகளைப் பார்த்துச் சராசரி எடுக்கலாம். வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் கார்டைச் சிறு லிமிட்டில் முதலில் கொடுத்து, ஒழுங்காகக் கட்டுகிறவருக்குப் படிப்படியாக உயர்த்தலாம்.

வங்கி கேட்கும் வழியைப் பற்றிக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. “உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்ற குறுஞ்செய்தியால் ஓய்வூதியப் பணத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர். சம்பளச் சீட்டும் பான் எண்ணும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் சேர்ந்து ஒரு திருடன் கையில் கிடைத்தால் ஒருவர் பெயரில் எங்கெங்கோ கடன் வாங்கிவிடலாம். ஆகவே வருமானச் சான்றைக் குறுஞ்செய்தி இணைப்பிலோ வாட்ஸ்அப்பிலோ எந்த வங்கியும் கேட்கவே கூடாது. வாடிக்கையாளர் தானாக உள்நுழையும் செயலியிலும் நெட்பேங்கிங்கிலும் கிளையிலும் மட்டுமே கேட்க வேண்டும். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்தே வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வங்கிகளின் இணையதள முகவரிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பதற்கும் அதே ஆண்டு அக்டோபர் இறுதியைக் கெடுவாக வைத்தது. இந்த இரண்டு அடையாளங்களும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியுமா? தெரியவைப்பது வங்கியின் கடமை, பிள்ளைகளின் கடமையும்கூட. சந்தேகம் வந்தால் கார்டின் பின்புறமுள்ள எண்ணை நாமே அழைத்துக் கேட்கலாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அடுத்த நிமிடமே 1930-ஐ அழைக்க வேண்டும்.

தாளே இல்லாமல் சரிபார்க்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ‘அக்கவுன்ட் அக்ரிகேட்டர்’ என்ற ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்தது. 2021 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. எந்தக் கணக்கின் விவரம், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு என்று குறித்து வாடிக்கையாளர் ஒப்புதல் தருகிறார். தகவல் பூட்டிய நிலையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் நிறுவனம் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒப்புதல் திரையில் உள்ளதை யாரும் படிக்காமல் ‘சரி’ என்று தட்டிவிடும் அளவுக்கு அது சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை. இன்னொரு நிபந்தனையையும் வைக்க வேண்டும். திருப்பிக் கட்டும் திறனைப் பார்ப்பதற்காக வாங்கிய வருமான விவரத்தை வைத்துக்கொண்டு, மறுநாளே பர்சனல் லோனும் காப்பீடும் விற்க அழைப்பது நம்பிக்கைத் துரோகம்.

சரிபார்த்தபின் வருமானம் குறைந்திருப்பது தெரிந்தால்? வேலை போனவரின் கார்டை அதே வாரம் முடக்குவது, கஷ்டத்தில் இருப்பவரைக் கடன் செயலிகளின் பக்கம் தள்ளிவிடும். லிமிட்டைக் குறைப்பதானால் முன்கூட்டியே சொல்லி, காரணத்தையும் சொல்லி, இருக்கும் நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்ற வழி தர வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 நெறிமுறையிலேயே உண்டு. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

கார்டுதாரர் தன் பக்கம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. வேலை மாறினாலோ வருமானம் குறைந்தாலோ வங்கி கேட்கும்வரை காத்திராமல் தானே சொல்ல வேண்டும். தேவைக்கு மேற்பட்ட லிமிட்டைத் தானே குறைக்கச் சொல்லலாம். அது உரிமை, அதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நம் பெயரில் நமக்கே தெரியாத கார்டு ஏதும் இருக்கிறதா என்று அதில் பார்த்துவிடலாம். கணவர் கார்டில் எவ்வளவு நிலுவை என்று மனைவிக்கும், மனைவி கார்டில் எவ்வளவு என்று கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வசூல் முகவர் வாசலில் வந்து நின்ற பிறகு தெரியவரும் கடனால் உடைந்த வீடுகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போலிச் சம்பளச் சீட்டு தயாரித்துத் தருகிறேன் என்று வரும் தரகரை அண்டவே விடக் கூடாது. கட்டத்தில் எண்ணைக் கூட்டிப் போடுவது ஒன்று, ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பது வேறு. இரண்டாவது நேரடியான குற்றவியல் வழக்கு. அதில் தரகர் நழுவிவிடுவார், கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்வார்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைத் தொடங்க மேடை ஏற்கெனவே இருக்கிறது. மாநில அளவிலான வங்கியாளர் குழுவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒருங்கிணைக்கிறது. அரசுத் துறைகளும் ரிசர்வ் வங்கியும் வங்கிகளும் அங்கே ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அந்தக் குழு இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்ளட்டும். முதலாவது, எல்லா வங்கிகளும் பயன்படுத்தக்கூடிய தமிழ் விண்ணப்பப் படிவம் ஒன்று. அதில் வருமானக் கட்டத்துக்குக் கீழே, கைக்கு வருவதா பிடித்தத்துக்கு முந்தையதா, தனி வருமானமா குடும்ப வருமானமா, மாதா மாதம் மாறும் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று நாலு வரி விளக்கம் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை விண்ணப்பிப்பவர் மட்டுமே நிரப்ப வேண்டும், முகவர் தொடக் கூடாது என்ற விதியும் அதிலேயே அச்சாக வேண்டும். இரண்டாவது, முகவர்களின் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைப் பன்னிரண்டு மாதம் கழித்து, அந்தக் கார்டு ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்த்தபின் கொடுக்கும் முறை. இரண்டுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. குழுவின் அடுத்த காலாண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நிதித்துறை இவற்றைச் சேர்த்தாலே வேலை தொடங்கிவிடும்.